ஜெராய் மலையடிவாரத்தில் ஒரு நாள்: தஞ்சோங் டாவாய் முதல் பூஜாங் பள்ளத்தாக்கு வரை



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "இந்த முறை எங்கே போகலாம்?" என்பதுதான். கேமரன் மலை, பினாங்கு, லங்காவி என்று சொல்லிப் பழகிய மூன்று நான்கு பெயர்களையே திரும்பத் திரும்பச் சொல்வோம். லங்காவிக்குக் கப்பல் ஏற கோல கெடாவை நோக்கி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் காரை விரட்டிக்கொண்டு போகும்போது, சுங்கைப் பட்டாணியைக் கடந்ததும் இடப்பக்கத்தில் ஒரு நீலமலை துணைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். சமவெளியில் தன்னந்தனியாக எழுந்து நிற்கும் மலை. அதுதான் குனோங் ஜெராய். உயரம் 1,200 மீட்டருக்குச் சற்று மேல். "ஓ, அதுவா?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நம்மில் பெரும்பாலோர் போய்விடுகிறோம். அந்த மலைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள சிறிய நிலப்பரப்பில் ஒரு மீனவக் கம்பமும், ஓர் ஆற்று முகத்துவாரமும், ஓர் அருவியும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கோயில்களின் அடித்தளங்களும் இருக்கின்றன. கடாரம் என்று தமிழர் வாய் இனிக்கச் சொல்லும் ஊர் இங்கேதான் இருந்தது.

இன்றைய உரை அந்த வட்டாரத்தைப் பற்றியதுதான். முதலில் கடற்கரையிலிருந்து தொடங்குவோம். பண்டைக் காலத்தில் வந்தவர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தானே வந்தார்கள்!

சுங்கைப் பட்டாணியிலிருந்து பீடோங், செமெலிங், மெர்போக் வழியாகச் சாலை மேற்கே போய் முடிகிற இடம் தஞ்சோங் டாவாய். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் முனை. இரயிலில் வருவோருக்கும் தொல்லையில்லை, இ.டி.எஸ். இரயில் சுங்கைப் பட்டாணியில் நிற்கிறது, அங்கிருந்து வாடகைக் கார் பிடித்துக்கொள்ளலாம். தஞ்சோங் டாவாயில் பெரிய தங்கும் விடுதிகளை எதிர்பார்த்துப் போகக்கூடாது. படகுத்துறை, வலை உலர்த்தும் இடம், வரிசையாகக் கருவாட்டுக் கடைகள் இவைதாம் ஊர். நெத்திலி, இறால், பிளாச்சான், விதவிதமான கருவாடு எல்லாம் கிடைக்கும். வீட்டில் சம்பல் அரைக்கும் தாய்மார்கள் இந்தக் கடைகளை விட்டு எளிதில் வெளியே வரமாட்டார்கள். ஆகவே கடைக்குப் போவதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. காலையிலேயே வாங்கி, வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டால், அந்த மணத்தோடுதான் கோலாலம்பூர் வரை வரவேண்டியிருக்கும்.

இங்கிருந்து எதிர்க்கரையில் தெரிவது பந்தாய் மெர்டேக்கா. படகில் ஏறினால் சில நிமிடங்களில் அக்கரை போய்விடலாம். சாலை வழியே போவதென்றால் ஆற்றைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே வெகுதூரம் திரும்பவேண்டும். பிள்ளைகளுக்கு அந்தச் சின்னப் படகுப் பயணம் ஒன்றே போதும், விடுமுறை நிறைவேறிவிடும். படகு ஆற்றின் நடுவே வரும்போது கொஞ்சம் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வடக்கே ஜெராய் மலை தலை நிமிர்ந்து நிற்கும். வங்கக் கடலைத் தாண்டி, பல வாரங்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்த மாலுமிகளுக்கு முதலில் கண்ணில் பட்ட நிலம் அந்த மலைதான். இலங்கையின் தென்கோடியைக் கடந்து, வட அட்சரேகை 6 பாகையை ஒட்டி நேர் கிழக்கே பாய் விரித்து வந்தால், எதிரே வருவது இந்தக் கரை. கலங்கரை விளக்கம் கட்டாத காலத்தில் இயற்கையே ஒன்றைக் கட்டிவைத்திருந்தது என்று சொல்லலாம்.

தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த கப்பல்கள் காற்று திசை மாறும்வரை திரும்பிப்போக முடியாது. மாதக் கணக்கில் தங்கவேண்டும். தங்கினால் குடிநீர் வேண்டும், உணவு வேண்டும், சரக்கை இறக்கி வைக்கக் கிடங்கு வேண்டும், வழிபட ஓரிடம் வேண்டும். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் நீரைக் கொடுத்தன. காடு மரத்தைக் கொடுத்தது. ஆறு கப்பலுக்குப் புகலிடம் கொடுத்தது. அன்றைய கடற்கரை இன்றிருப்பதைவிட உள்ளே தள்ளியிருந்தது என்றும், இன்று வயலும் கம்பமுமாக இருக்கும் இடங்கள் பல அன்று விரிகுடாவின் விளிம்பாக இருந்தன என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பெங்காலான் பூஜாங் என்று ஒரு கிராமம் இருக்கிறது. பெங்காலான் என்றால் மலாய் மொழியில் படகுத்துறை. இன்று அங்கே கப்பல் வந்து நிற்கும் கடல் இல்லை. ஆனால் அந்த மண்ணைத் தோண்டியபோது சீனத்துப் பீங்கான் துண்டுகளும், மேற்காசியக் கண்ணாடிச் சில்லுகளும், மணிகளும் ஏராளமாக வந்தன. கடல் பின்வாங்கிப் போனாலும் ஊர்ப்பெயர் பின்வாங்கவில்லை!

பந்தாய் மெர்டேக்காவுக்குத் தெற்கே கோத்தா கோல மூடா. அங்கே இரண்டு இடங்களை அவசியம் பார்க்கவேண்டும். ஒன்று மகிழ்ச்சிக்கு, ஒன்று நினைவுக்கு.

முதலாவது பாசார் பீசிக். 'காதோடு பேசும் சந்தை' என்று தமிழில் சொல்லலாம். படகுகள் கரை திரும்பியதும் மீன் கூடைகள் தரையில் வரிசையாக வைக்கப்படும். ஏலம் விடுபவர் ஒருவர் கூடையருகே நிற்பார். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் போய், தாங்கள் தரும் விலையை அவர் காதில் மெல்லச் சொல்வார்கள். எல்லாரும் சொல்லி முடித்ததும் அதிக விலை சொன்னவருக்குக் கூடை போகும். யார் எவ்வளவு சொன்னார் என்பது மற்றவருக்குத் தெரியாது. கூச்சல் இல்லை, ஒருவரையொருவர் முட்டி விலையேற்றும் வீம்பு இல்லை, தோற்றவருக்குத் தலைக்குனிவும் இல்லை. மீன் சந்தை என்றாலே இரைச்சல் என்றுதான் நாம் உவமை சொல்வோம். இங்கே வந்தால் அந்த உவமையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாவது, 2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த ஆழிப்பேரலையின் நினைவிடம். சுமத்திரா தீவு குறுக்கே கிடப்பதால் நம் நாட்டுக்கு அந்த அலையின் முழு வேகம் வந்து சேரவில்லை. ஆயினும் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பினாங்கில்தான் உயிரிழப்பு அதிகம். கெடாவில் இந்தக் கோத்தா கோல மூடா வட்டாரம் கடுமையாக அடிபட்டது. இடிந்த சில வீடுகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். உடைந்த மீன்பிடிப் படகுகளைக் கொண்டே ஒரு நினைவுச் சின்னமும் அமைத்திருக்கிறார்கள். 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்த நாள் வெறும் செய்தி. சுவரில் தண்ணீர் ஏறிய உயரத்தை நேரில் காட்டினால்தான் புரியும்.

அலையாத்திக் காடுகள் கரையைக் காத்த இடங்களில் சேதம் குறைவாக இருந்தது என்ற பேச்சு அப்போது பரவலாக எழுந்தது. 2005ஆம் ஆண்டு முதல் கரையோரங்களில் பாக்காவ் முதலிய மரக்கன்றுகளை நடும் திட்டத்தை அரசாங்கம் மேற்கொண்டது. மெர்போக் ஆற்றின் இருமருங்கிலும் நிற்கும் அலையாத்திக் காடு 4,000 எக்டருக்கு மேற்பட்டது. மரவகைகள் மிகுந்த காடு என்று தாவரவியலாளர்கள் மெச்சுவது. செமெலிங் படகுத்துறையிலிருந்து படகு எடுத்தால் இந்தக் காட்டுக்குள் போய்வரலாம். வேர்கள் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும் காட்சியும், தலைக்கு மேல் வட்டமிடும் கழுகுகளும் பட்டணத்துப் பிள்ளைகளுக்குப் புதுமை. கொசு மருந்தை மறந்துவிடாதீர்கள்.

இனி மலைப் பக்கம் திரும்புவோம்.

மெர்போக் பட்டணத்திலிருந்து சிறிது தூரத்தில் புக்கிட் பத்து பகாட் என்னும் குன்று. பத்து பகாட் என்றால் உளியால் செதுக்கிய கல். இந்தப் பெயரை எந்த ஆராய்ச்சியாளரும் சூட்டவில்லை. செதுக்கிய கற்கள் அங்கே கிடக்கின்றன என்பதை அவ்வட்டார மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருந்தார்கள். குன்றின் பெயரிலேயே அதைப் பொதிந்து வைத்தார்கள். 1936, 1937 ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளரும் அவர் துணைவியார் டோரத்தியும் இந்தப் பள்ளத்தாக்கில் அகழ்ந்து, கண்ட இடங்களுக்கெல்லாம் எண் கொடுத்தார்கள். இந்தக் கோயிலுக்கு எண் 8. பின்னர் அலஸ்டர் லாம்ப் என்பவர் சிதறிக் கிடந்த கற்களை ஆராய்ந்து அடுக்கி, 1960ஆம் ஆண்டு வாக்கில் இப்போது நாம் காணும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அருகிலேயே அமைந்த தொல்பொருள் காட்சியகம் 1980இல் திறக்கப்பட்டது.

தஞ்சைப் பெரிய கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள் என்பதைச் சொல்லியாகவேண்டும். கோபுரம் இல்லை, சிற்பத் தூண்கள் இல்லை. கருங்கல் அடித்தளம், அதன்மேல் கருவறைச் சுவர், முன்னால் மண்டபம் இருந்த மேடை, படிக்கட்டு, இவ்வளவுதான். மண்டபத்து மேடையைக் கவனித்துப் பார்த்தால் வரிசையாகக் கல்பீடங்கள் இருக்கும். அவற்றில் மரத்தூண்கள் நின்றன. அந்தத் தூண்களும் அவை தாங்கிய கூரையும் என்றோ மக்கிப்போயின. அடித்தளம் தமிழகத்தையும் இந்தியாவையும் நினைவூட்டும்; மரத்தூணும் கூரையும் இந்த மண்ணுக்குரியவை. வந்த வழிபாடும் இருந்த கட்டடக் கலையும் கைகோத்துக்கொண்ட இடம் என்று இதைச் சொல்லலாம். லாம்ப் இதன் அடித்தளத்தில் கற்பேழைகளைக் கண்டெடுத்தார். உள்ளே சிறு செப்புக் கலங்களும் மணிகளும் பிறவும் இருந்தன. கருவறை எழுப்புமுன் மணிகளையும் உலோகங்களையும் பேழையில் இட்டுப் புதைக்கும் வழக்கத்தைக் 'கர்ப்பநியாசம்' என்று ஆகமம் அறிந்தோர் சொல்வர். இன்று நம் நாட்டில் புதுக் கோயில் கட்டும்போதும் நடக்கிற சடங்குதான் அது.

காட்சியக வளாகத்தில் பெண்டியாட், பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் ஆகிய இடங்களிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து அமைத்த கோயில் அடித்தளங்களும் உள்ளன. இக்கட்டுமானங்களை மலாய் மொழியில் 'சண்டி' என்று அழைப்பார்கள். நம் காதுக்குச் சண்டித்தனம் நினைவுக்கு வந்தாலும் பொருள் கோயில் என்பதுதான். கோயிலுக்குப் பக்கத்திலேயே மெர்போக் கெச்சில் ஓடை பாறைகளின் மேல் சலசலத்து ஓடுகிறது. பிள்ளைகள் காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துச் சலித்துப்போனால் ஓடையில் கால் நனைக்க விடலாம். நன்றாகக் குளிக்க வேண்டுமென்றால் இதே மலையடிவாரத்தில் துப்பா அருவி இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் யான் வட்டாரத்தில் ஸ்ரீ பெரிகி, தித்தி ஹாயுன் ஆகிய அருவிகள் உள்ளன. மழைக்காலத்தில் மலைமேல் பெய்யும் மழை அடிவாரத்தில் தெரியாது. தண்ணீர் திடீரென்று கலங்கலாகி வேகம் கூடினால் உடனே கரையேறிவிட வேண்டும்.

இப்போது கடாரத்தைப் பற்றிக் கொஞ்சம் மனம்விட்டுப் பேசவேண்டும். நம்மவர் பலருக்குக் கடாரம் அறிமுகமானது சாண்டில்யனின் 'கடல் புறா' வழியாகத்தான். கதை படித்த கண்ணோடு இங்கே வருகிறவர்கள், "இதெல்லாம் இராஜேந்திர சோழன் கட்டியது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

இராஜேந்திரனின் கடற்படை 1025ஆம் ஆண்டு ஸ்ரீவிஜயப் பேரரசின் மீது படையெடுத்துக் கடாரத்தையும் வென்றது. கடாரம் கொண்டான் என்ற பட்டம் அதனால் வந்தது. இது கல்வெட்டுச் சான்றுள்ள உண்மை. ஆனால் அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கல்லெழுத்து இருக்கிறது. 1834இல் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி செபராங் பிறையின் வடபகுதியில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புத்த ஸ்தூபம் செதுக்கிய அந்தக் கல்லில், செம்மண் நாட்டைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் மாநாவிகன், அதாவது பெருங்கப்பல் தலைவன், பயணம் நலமாக நிறைவேற வேண்டியிருக்கிறான். அந்தச் செம்மண் நாடு வங்கத்தில் இருந்தது என்பது பல அறிஞர்களின் கருத்து. மொழி வடமொழி, சமயம் பௌத்தம், எழுத்தோ தென்னாட்டுப் பல்லவ எழுத்தின் சாயலுடையது. ஒரே கல்லில் எத்தனை கரைகள் கூடியிருக்கின்றன, பாருங்கள்! ஏழாம் நூற்றாண்டில், 671இல் குவாங்சோவிலிருந்து கப்பலேறிய சீனத் துறவி இட்சிங், கெடாவில் தங்கிவிட்டுத்தான் நிக்கோபார் தீவுகளைக் கடந்து இந்தியா போனார்.

தமிழர் தொடர்பு இதனால் சிறுத்துவிடுகிறதா என்றால், இல்லை. பட்டினப்பாலை பூம்புகார்த் துறையில் குவிந்த பொருள்களில் காழகத்துப் பொருளையும் சேர்த்துச் சொல்கிறது. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதினார். இன்னொரு சான்று இதைவிடச் சுவையானது. கடாரத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினான். சைவனாகிய இராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே இறையிலியாகக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று புகழ்பெற்ற சோழர் செப்பேட்டில் இந்தச் செய்தி இருக்கிறது. காலம் 1006ஐ ஒட்டியது. தந்தை நட்புப் பாராட்டி நிலம் கொடுத்து இருபது ஆண்டு ஆவதற்குள் மகன் படை எடுத்து வந்துவிட்டான்! வணிகப் பாதையில் யார் கை ஓங்குவது என்ற போட்டியே காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். வந்தவன் வென்றான், போனான். இங்கேயே சோழராட்சி நிலைத்து நடந்ததாகச் சான்றில்லை. பூஜாங் பள்ளத்தாக்கில் சிவலிங்கமும் உண்டு, விநாயகர் சிலையும் உண்டு, புத்தர் சிலையும் உண்டு. கல் சுமந்தவர்களும் செங்கல் சுட்டவர்களும் பெரும்பாலும் இந்த மண்ணின் மக்களாகவே இருந்திருப்பார்கள். வியாபாரத்திற்கு வந்தவர்கள் எத்தனை பேர் கல் சுமந்திருக்கப் போகிறார்கள்?

உள்ளதை உள்ளபடி பிள்ளைகளிடம் சொன்னால் போதும், அதுவே பெரிது. மிகைப்படுத்திச் சொல்லும்போது இன்னொரு பக்கம் இதை மறைத்துப் பேச நினைப்பவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்துவிடுகிறோம்.

செமெலிங்கை அடுத்த சுங்கை பத்து தொல்லியல் வளாகத்திற்குப் போனால் மண்ணின் மக்களின் கைவண்ணம் நன்றாகத் தெரியும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2009 முதல் இங்கே அகழாய்வு செய்தனர். வெளிப்பட்டது ஓர் இரும்புத் தொழிற்பட்டறை. உலைகளின் எச்சம், இரும்புக் கசடு, துருத்தியிலிருந்து உலைக்குள் காற்றைச் செலுத்திய சுடுமண் குழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஆற்றோரப் படகுத்துறைகளின் செங்கல் தளங்களும், வட்டமும் சதுரமுமாக அமைந்த ஒரு வழிபாட்டு மேடையும் உள்ளன. உருக்கிய இரும்பைப் பட்டறை வாசலிலேயே கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். இதன் தொன்மையைக் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளுக்குக் கொண்டுபோகும் கணிப்புகளும் வெளியாயின. அவ்வளவு முந்திய காலத்தை எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. கி.பி. தொடக்க நூற்றாண்டுகளில் இங்கே இரும்பு உருக்கினார்கள் என்று வைத்துக்கொண்டாலும், தென்கிழக்காசியாவில் அது எளிய செய்தியன்று.

இந்தச் சுங்கை பத்துவின் பெயர் 2013ஆம் ஆண்டு இறுதியில் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வந்தது. மகிழ்ச்சியான செய்திக்காக அல்ல. 11ஆம் எண் சண்டி என்று ஆய்வாளர்களால் குறிக்கப்பட்ட பழங்கோயிலின் அடித்தளம், வீடமைப்புத் திட்டத்திற்காக நிலத்தைச் சமன்படுத்தும் வேலையில் மண்வாரி இயந்திரத்தால் அழிக்கப்பட்டுவிட்டது. பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றி நூலெழுதிய வழக்கறிஞர் டத்தோ வி. நடராஜன் போன்றோர் இதை வெளிக்கொணர்ந்தபோது நாடே அதிர்ந்தது. நம்மவர் மட்டுமன்றி மலாய்க்காரரும் சீனரும் சேர்ந்தே குரல் கொடுத்தார்கள். நிலம் தனியாருடையது, அந்த இடம் மரபுடைமையாக அரசிதழில் பதிவு பெறவில்லை என்ற விளக்கம் வந்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் கையில் இருந்தும், பதிவேட்டில் இல்லாத கல்லைக் காக்க அதனால் இயலவில்லை. ஆயிரம் ஆண்டு மழையும் வெயிலும் செய்யாததை ஓர் இயந்திரம் மிகக் குறுகிய நேரத்தில் செய்துவிட்டது.

நடந்ததற்கு மேம்பாட்டாளரை மட்டும் குறைசொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியுமா என்பது யோசிக்கவேண்டியது. அந்தக் கல்லை 2013க்கு முன் எத்தனை பேர் போய்ப் பார்த்திருப்பார்கள்? ஆள் நடமாட்டம் இல்லாத சரித்திரச் சின்னம், வழக்கறிஞர் இல்லாத வழக்கைப் போன்றது. கேட்க நாதி இருக்காது. பினாங்கு ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் 2008இலும், பேராக் லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இலும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பிடித்தன. அவற்றை உலகம் பார்க்கிறது. ஒரு செங்கல்லைப் பெயர்த்தாலும் கேள்வி எழும்.

ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. ஜெராய் மலையின் வடபுறம், யான் பக்கத்தில் புக்கிட் சோராஸ் என்னும் சிறு குன்றில் 2023ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் ஒரு பௌத்த ஸ்தூபமும், சுதையால் செய்த மனித அளவுச் சிலைகளும் வெளிப்பட்டன. இந்தப் பள்ளத்தாக்கு இன்னும் தன் பெட்டகத்தை முழுதும் திறக்கவில்லை என்பதற்கு இது அடையாளம்.

இன்னொரு தொடர்பையும் இங்கே குறிப்பிடவேண்டும். பீடோங், செமெலிங், சுங்கைப் பட்டாணி வட்டாரம் நெடுங்காலம் இரப்பர் தோட்டங்களால் சூழப்பட்டிருந்தது. அந்தத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் பால்மரம் சீவினார்கள். 11ஆம் எண் சண்டி இருந்த இடமும் தோட்ட நிலமாக இருந்ததுதான். 1926 முதல் ஓடிய 'ரஜூலா' கப்பல் நாகப்பட்டினத்தில் ஆளேற்றிப் பினாங்கில் இறக்கியது. சூடாமணி விகாரத்தைக் கட்டிய கடாரத்தரசன் காலத்தில் எந்தத் துறையோடு போக்குவரத்து இருந்ததோ, ஏறத்தாழ அதே துறையிலிருந்து ஒன்பது நூற்றாண்டு கழித்து வந்தார்கள். முன்னவர் வணிகராக வந்தார்கள். பின்னவர் கூலியாக வந்தார்கள். தாங்கள் மரம் சீவிய மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்வதற்கு அன்று யாருமில்லை. இன்று அதே செமெலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நிற்கிறது. அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை காலையில் நண்பர்களோடு புறப்பட்டால் போதும், காட்சியகத்தையும் சுங்கை பத்துவையும் பார்த்துவிட்டு மதிய உணவுக்குத் திரும்பிவிடலாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் காட்சியகத்துக்குப் போய்விட்டுப் பிறகு கடற்கரைக்கு வருவதே வசதி. உச்சி வெயிலில் கருங்கல் மேடையில் நிற்க முடியாது. நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள். பக்தி மேலீட்டால் சிலர் அடித்தளத்தின் மேல் சூடம் ஏற்றவும், குங்குமம் இடவும், எலுமிச்சம்பழம் வைக்கவும் நினைக்கலாம். அது வழிபாடு நின்றுபோன, பாதுகாக்கப்படும் தொல்பொருள். சூடத்தின் கரியும் எண்ணெயும் கல்லுக்குள் இறங்கிவிட்டால் எடுப்பது கடினம். கும்பிடத் தோன்றினால் கைகூப்பினால் போதுமே. வழிபட்டே தீரவேண்டும் என்றால் சுங்கைப் பட்டாணியில் சுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. தைப்பூசத்திற்குப் பெயர் பெற்ற கோயில். அங்கே பட்டணத்தில் 1936இல் எழுப்பிய மணிக்கூண்டையும் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் மனத்தில் நிற்காது. இரண்டு நாளாக வைத்துக்கொண்டு, இரண்டாம் நாள் பிற்பகலில் குரூண் வழியாக ஜெராய் மலைமேல் காரிலேயே ஏறலாம். உச்சிக்குச் சற்றுக் கீழே தங்கும் விடுதி இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் கீழே யான் வயல்வெளி கட்டம் கட்டமாகத் தெரியும். அதற்கப்பால் கடல், தெற்கே மெர்போக் ஆறு வளைந்து வளைந்து தஞ்சோங் டாவாயில் இறங்குவது. முதல் நாள் சென்ற இடங்களை வரைபடத்தில் பார்ப்பதுபோல் பிள்ளைகளுக்கு விரல் நீட்டிக் காட்டலாம். மாலையில் குளிர் இறங்கும். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஒரு சால்வை எடுத்துக்கொள்வது நல்லது. பனிமூட்டம் கவிந்துவிட்டால் வளைவுச் சாலையில் எதிரே வரும் வண்டி தெரியாது, ஆகவே இருட்டுவதற்கு முன்பே இறங்கிவிடுங்கள்.